ஒரு போத்தல் தூளோடு கரீபியனுக்கு

ஒக்லாந்தில் கோடை பிறந்தால் உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கிவிடும். நகரத்தின் நடுவிலேயே துறைமுகம் என்பதால், கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கப்பல் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இறங்கியவர்கள் நெஞ்சில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, கொடி பிடித்த ஒருவருக்குப் பின்னால் நடைபாதையை அடைத்தபடி ஊர்வலம் போவார்கள். எல்லர்ஸ்லி ரயிலைப் பிடிக்க ஓடுகிற எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். ஓர் ஊருக்கு வந்து, பின்னேரம் வரை நின்று, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தப் படமொன்றை வாங்கிக்கொண்டு போவதெல்லாம் ஒரு பயணமா என்று அலுவலகத்தில் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன்.

வாய்க்கொழுப்புக்குக் கூலி கிடைக்காமல் போகாது. இந்த வருடம் நானும் நெஞ்சில் ஸ்டிக்கரோடு கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் இறங்கினேன். இறங்கியதோடு விட்டேனா? அங்கே கறிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு என் மனைவியின் தாலிக்கொடியை என் கையாலேயே பரிசாகக் கொடுத்தேன். அது எப்படி நடந்தது, பிறகு என்னவாயிற்று என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் சகலனால் வந்தது. என் மனைவி வதனியின் அக்கா சாந்தி ரொறொன்ரோவில் இருக்கிறார். அவருடைய கணவர் தவத்துக்கு, அதாவது என் சகலனுக்கு, அறுபது வயதாகிறது. மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, பலூன் கட்டிக் கொண்டாட அவருக்கு விருப்பமில்லை. கப்பலில் போவோம், நாங்கள் நாலு பேரும் மட்டும் போவோம் என்று அக்கா தொலைபேசியில் அறிவித்துவிட்டார். அக்கா சொன்னால் வதனிக்கு அது அரசாங்க வர்த்தமானியில் வந்த மாதிரி. மறுபேச்சில்லை.

புறப்படுவதற்கு முன் நான் செய்த ஒரே ஆயத்தம், ஒரு பெரிய பீனட் பட்டர் போத்தலைக் கழுவிக் காயவைத்து, அதில் எங்கள் வீட்டு வறுத்த தூளை நிரப்பியதுதான். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் கறுக்க வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். அது இல்லாவிட்டால் எனக்குச் சோறும் ஒன்று, பஞ்சும் ஒன்று. இங்கேயே பிறந்த எங்கள் மகள் போத்தலைப் பார்த்துவிட்டு, கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு இருக்கும் அப்பா, இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பாடு இருக்கும், ருசி இருக்காது என்று தமிழில் சொன்னேன்.

வதனியின் ஆயத்தம் வேறு. அவள் வங்கிப் பெட்டகத்திலிருந்து தாலிக்கொடியை எடுத்து வந்தாள். மெல்லிய சங்கிலி ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்துத் தாலிக்கொடி கனத்த வடம். வைபவங்களுக்கு மட்டும் போடுவது. கப்பலில் ஒரு நாள் இரவு எல்லோரும் பட்டும் நகையுமாக உடுத்திப் படுத்திக்கொண்டு சாப்பிட வரவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். அதற்காகத்தான் எடுத்தாள். ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்திலிருந்து அவளுடைய மற்ற நகைகளெல்லாம் ஒவ்வொரு காரணத்துக்காக ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை, போக அவள் விடவில்லை. அவளிடம் இருக்கிற தங்கம் அவ்வளவுதான்.

கப்பலின் முதல் நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரிசை, வரிசை, வரிசை. உயிர்காப்புச் சட்டை போடக் கற்றுக்கொள்ள ஒரு வரிசை, கை கழுவ ஒரு வரிசை, ஐஸ்கிரீமுக்கு ஒரு வரிசை. சாப்பாட்டு மண்டபம் எங்கள் கிளென்ஃபீல்ட் மோல் அளவு இருந்தது. மேசை மேசையாக உணவு. ஆனால் கோழிக்கும் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரே ருசிதான். நான் பையிலிருந்து போத்தலை எடுத்து மீனுக்கு மேல் தூவினேன்.

"ஐயோ, கப்பலிலையும் தூளே? ஆக்கள் பாக்கினமப்பா," என்றாள் வதனி.

"பாக்கட்டும். அவையளுக்கும் ஆசை வரும்," என்றேன்.

சகலன் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். கொழுப்பு, சீனி எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகவும், இப்போது சாலட் மட்டும்தான் சாப்பிடுவதாகவும் விமான நிலையத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். மெதுவாகக் கை நீட்டினார்.

"இஞ்சை விடுங்கோ பாப்பம். சாலட்டுக்கும் போடலாம்தானே."

அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மனைவி கணவனிடம் சொன்னது கேட்டது: "அவர்கள் சொந்தமாக மண் கொண்டு வந்திருக்கிறார்கள்." சகலனுக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் முழுக்கக் கடல்தான். அன்று இரவுதான் அந்த உடுத்திப் படுத்தும் விருந்து. வதனி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, தாலிக்கொடியை வெளியே எடுத்து விட்டிருந்தாள். பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா கிட்ட வந்து கொடியைக் கையில் தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்த்தார்.

"இன்னும் பழசைத்தான் போட்டிருக்கிறாய். நான் எண்டால் அழிச்சுப் புதுசாச் செய்விச்சிட்டன். இஞ்சை பார், இந்தக் கண்ணி தேஞ்சு போய்க் கிடக்கு."

"எனக்கு இது காணும் அக்கா," என்றாள் வதனி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது சரி, இதை எங்கை வைக்கிறாய்? அறையிலை இருக்கிற அந்த இரும்புப் பெட்டியிலையோ? அது அவங்கட பெட்டி. நம்பர் மறந்து போச்செண்டால் அவங்கள்தானே வந்து திறந்து தாறாங்கள். பிறகென்ன பாதுகாப்பு?"

அக்கா இதைச் சொல்லிவிட்டு இனிப்பு எடுக்கப் போய்விட்டார். வதனியின் முகத்தில் யோசனை ஓடியதை நான் கவனிக்கவில்லை. நானும் இனிப்பு எடுக்கத்தான் போனேன்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளென்ஃபீல்ட் வீட்டுக்குக் கள்ளர் வந்தார்கள். இந்த ஊரில் எங்கள் ஆட்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்கு நன்றாகத் தெரியும். அலுமாரி, மெத்தை, சாமித்தட்டு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு, டிவியையும் என் சவர மெஷினையும் கொண்டு போனார்கள். அன்றைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போட்டுவிட்டு வைத்திருந்த தாலிக்கொடி மட்டும் தப்பியது. அது குசினியில் தூள் டின்னுக்குள் இருந்தது. விசாரிக்க வந்த பொலிஸ்காரர் முன்னாலேயே வதனி கையை முழங்கை வரை தூளுக்குள் விட்டு அதை வெளியே எடுத்தாள். அவர் தும்மிக்கொண்டே பாராட்டினார். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் எந்தப் பூட்டையும் விடத் தூளில்தான் நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலை தீவு வந்தது. பிரெஞ்சுக்காரர் வசம் இருக்கிற தீவு. ஒரு மலை, அதன் அடியில் சிவப்புக் கூரை வீடுகள், ஒரு தேவாலயம். எங்கள் கப்பல் அந்த ஊரை விட உயரமாக நின்றது. கிட்டப் போக ஆழமில்லாததால் சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டு போனார்கள். கடலில் குளிக்கப் போகிறவர்கள் நகை போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வதனி கழுத்தில் ஒன்றும் இல்லாமல்தான் வந்தாள். பெட்டிக்குள் வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அவளோ, நான் சவரம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தாலிக்கொடியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தூள் போத்தலின் அடியில் அமுக்கிவிட்டிருந்தாள். தூளைக் கரைக்குக் கொண்டு வரக் கூடாது என்று முதல் நாளே எனக்குத் தடை போட்டிருந்ததால், போத்தல் அறையிலேயே இருக்கும் என்பது அவள் கணக்கு. ஒக்லாந்து விமான நிலையத்தில் பைகளை முகர்ந்து பார்க்கிற நாய்க்குப் பயந்து வாழ்கிறவர்கள் நாங்கள். மறந்து போய்ப் பைக்குள் கிடந்த ஒரு அப்பிளுக்காக அபராதம் கட்டியவர்களின் கதை எங்கள் ஆட்களிடம் ஆளுக்கொன்று இருக்கும்.

"அங்கையும் நாய் நிண்டால் என்ன செய்யிறது? ஒரு சாமானும் கொண்டு இறங்கப்படாது," என்று சொல்லியிருந்தாள்.

நான் போத்தலைத் துவாய்க்குள் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அவள் எனக்கு ஒளித்தாள், நான் அவளுக்கு ஒளித்தேன். போத்தல் வழக்கத்தை விடக் கனமாக இருந்தது. கடல் ஈரத்துக்குத் தூள் இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் நாயும் இல்லை, அதிகாரியும் இல்லை. இடுப்பில் கை வைத்த ஒரு அம்மா, வாருங்கள் என்று தலையசைத்தார், அவ்வளவுதான். ஒக்லாந்துக்காரனுக்கு இது நம்ப முடியாத காட்சி. தீவின் மறுபக்கத்துக் கடற்கரைக்குப் போக ஒரு வாடகை வான் வண்டியில் ஏறினோம். அது மலையில் பாதி ஏறி, புகை விட்டு நின்றுவிட்டது. சாரதி இறங்கி, முன்மூடியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, ஒரு மாமரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார். இனி என்ன செய்வது என்று சகலன் கேட்டார். அது ஆறும்வரை நாங்களும் ஆறுவோம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஆறினோம். பிறகு வானும் ஆறியது.

கடற்கரையில் வதனியும் அக்காவும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். சின்ன வயதில் ஒன்றாகக் கடல் குளித்தவர்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று கதைக்கத் தொடங்கினால் லேசில் வரமாட்டார்கள் என்பது எனக்கும் சகலனுக்கும் தெரியும். நாங்கள் வாசனை பிடித்துக்கொண்டு போனோம்.

தகரக் கூரை போட்ட ஒரு கடை. உட்கார நான்கு மர வாங்கு. பெரிய சட்டியில் மஞ்சள் நிறத்தில் மீன்கறி கொதித்தது. என் வயதுப் பெண்மணி ஒருவர் அகப்பை பிடித்துக்கொண்டு நின்றார். நிறமும் மூக்கும் எங்கள் ஆட்களுடையவை. கறியின் பெயர் என்ன என்று கையால் கேட்டேன்.

"கொலம்போ," என்றார்.

கொழும்பு வேண்டாம் என்று உலகத்தின் அடிக்கு ஓடி வந்தவனுக்கு இங்கேயும் கொழும்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவர் விளக்கம் சொன்னார். இங்கே கறித்தூளுக்கு அதுதான் பெயராம். கரும்பு வெட்ட வந்த பழைய ஆட்கள் கொண்டு வந்த தூளாம். கடைக்கார அம்மாவின் ஆட்களும் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்களாம். நானும் தமிழன் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அந்த அம்மா ஸ்டிக்கரைப் பார்த்தார், சிரித்தார், அடுத்த ஆளுக்குக் கறி போடத் திரும்பிவிட்டார். அவருக்கு வேலை கிடந்தது.

கறி நல்ல ருசி. புளிப்பும் பூண்டும் சரியாக இருந்தன. உறைப்புத்தான் போதவில்லை. விடுவேனா? போத்தலை எடுத்துத் தூவினேன். அகப்பையோடு அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். என் தட்டிலிருந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு இன்னொரு தரம் தொட்டு வைத்தார். அந்த இரண்டாம் தரம்தான் என்னைக் கவிழ்த்தது. என் வீட்டுத் தூளை இதுவரை யாரும் இப்படி மதித்ததில்லை. போத்தலோடு தூக்கி அவர் கையில் வைத்துவிட்டேன்.

"முழுசாக் குடுக்கிறியளோ? எங்களுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு," என்று சகலன் பதறினார்.

"கிடக்கட்டும் அண்ணை. மனுசி எவ்வளவு சந்தோசப்படுது பாருங்கோ."

அந்த அம்மாவும் சும்மா விடவில்லை. தன்னுடைய மஞ்சள் நிறக் கொலம்போத் தூளில் ஒரு பொதி கட்டித் தந்தார். எனக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது. ஓர் ஊருக்கு வந்து காந்தப் படம் மட்டும் வாங்கிக்கொண்டு போகிற கப்பல்காரன் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்குதுறைக்குத் திரும்பி, கப்பலுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தேன். நல்லதொரு காரியத்தைச் செய்துவிட்டு எவ்வளவு நேரம் சொல்லாமல் இருப்பது?

"இஞ்சை பாரும், என்ன வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன் எண்டு. எங்கட தூளைக் குடுத்துப் போட்டு மாத்தினது."

"எந்தத் தூளை?" என்றாள் வதனி.

"எங்களிட்டை வேறை என்ன தூள் கிடக்கு? அந்தப் போத்தல்தான்."

அவளுடைய ஒரு கை கழுத்துக்குப் போனது.

"அதுக்குள்ளைதானப்பா கொடி கிடக்கு."

அக்காதான் முதலில் அசைந்தார். "நிண்டு பாக்காமல் ஓடுங்கோ! நான் இதிலை நிக்கிறன். நீங்கள் வராமல் கடைசிப் படகு வெளிக்கிடாது," என்றார். எப்படி என்று கேட்க நேரமில்லை.

எங்கள் வான் போய்விட்டது. தீவில் எங்கள் தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. மீன் ஏற்றி இறக்கிவிட்டு வெறுமையாக நின்ற ஒரு பிக்கப்பின் சாரதியை சகலன் பிடித்தார். கனடாக்காரர் என்பதால் தனக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் ரொறொன்ரோவில் பால் பெட்டியிலும் சீரியல் பெட்டியிலும் எழுதியிருப்பது மட்டும்தான். பால், சீனி, குலுக்கவும். சாரதி எங்கள் முகத்தைப் பார்த்தே ஏறச் சொன்னார். பின்னால், மீன் பெட்டிகளுக்கு நடுவில், வதனி கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஏசினால் தாங்கலாம். அவள் ஏசவில்லை.

கடை பூட்டியிருந்தது. வெளியே வாங்கில் பழைய பத்திரிகை விரித்து, அதில் எங்கள் தூள் குவியலாகக் கொட்டப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் தூள் சலிக்கிற அரிதட்டு. பீனட் பட்டர் போத்தல் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வதனி இரண்டு கையாலும் தூளைக் கிளறினாள். ஒன்றும் இல்லை.

இளநீர்க்காரர் ஓடி வந்தார். பதற்றத்தில் அவருக்கு இருந்த கொஞ்ச ஆங்கிலமும் போய்விட்டது. கழுத்தைச் சுற்றி விரலால் காட்டினார், பிறகு ரோட்டைக் காட்டினார், பிறகு கடலைக் காட்டினார், வேகமாகப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சகலன் தலையைப் பலமாக ஆட்டிக் கேட்டுவிட்டு எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"கொடியைக் கண்டிட்டாவாம். கடலாலை மற்றத் தீவுக்குக் கொண்டு போயிட்டாவாம். விக்கிறதுக்காக்கும்."

அவர் மொழிபெயர்ப்பில் பாதிதான் பிழை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம், எத்தனை கஷ்டத்துக்குள் அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, ஒரு மீன்கறிக்குப் பெருமையடித்துக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிட்டேன். அழுகை வந்தது. சகலன் முன்னால் அழக் கூடாது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

வதனி சேலைத் தலைப்பு என்று நினைத்துத் துவாயை எடுத்துக் கையைத் துடைத்தாள். என் தோளைத் தொட்டாள்.

"சரியப்பா. எழும்புங்கோ. நீங்கள் இருக்கிறியள்தானே. வாங்கோ, அக்கா பாத்துக்கொண்டிருப்பா."

முப்பது வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஈடாக அவள் எனக்கு வேறெதுவும் சொன்னதில்லை.

பிக்கப் மலையை இறங்கி இறங்குதுறையில் எங்களை விட்டபோது கூட்டம் ஒன்று நின்றது. வரிசையில் நின்ற எல்லோரும் போய்விட்டார்கள், கடைசிப் படகு மட்டும் இயந்திரம் உறுமக் காத்திருந்தது. அதில் ஏறும் பலகையின் நடுவில், காலை நீட்டிக்கொண்டு, சாந்தி அக்கா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீருடை போட்ட கப்பல் அதிகாரி ஒருவர் குனிந்து அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"என்ர தங்கச்சி வராமல் நான் எழும்பன். வேணுமெண்டால் என்னைத் தூக்கிக் கடலுக்கை போட்டிட்டுப் போங்கோ!" அக்கா அவருக்குத் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பக்கத்தில், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அந்தக் கறிக்கடை அம்மா நின்றார். கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். கையில் பிளாஸ்டிக் தாள். தாளுக்குள் எங்கள் கொடி.

நாங்கள் அவரைத் தேடி மலை ஏறிய நேரம், அவர் எங்களைத் தேடி மலை இறங்கியிருக்கிறார். இளநீர்க்காரர் சொன்னதும் அதுதான். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு அவர் வந்தபோது, அக்கா தூரத்திலேயே கொடியைக் கண்டு கத்தியிருக்கிறார். முந்தின இரவு கண்ணி கண்ணியாகக் குறை பார்த்தவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கொடுக்கவில்லை. தந்தவன் வரட்டும், அவன் மனைவி வரட்டும் என்று நின்றுவிட்டார். அதனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் சண்டை பிடித்தபடி ஒன்றாகப் படகை மறித்திருக்கிறார்கள்.

படகிலிருந்த ஒரு மொன்றியல் பெண்மணி எங்களுக்கு மொழிபெயர்த்தார். கடைக்கார அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இது: "தூளைச் சலித்தபோது இது வந்தது. மனைவியின் தங்கத்தை மிளகாய்க்குள் போட்டு ஊரில் கண்டவர்களுக்குக் கொடுக்கிற ஆணை நான் இதுவரை கண்டதில்லை."

போட்டது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வதனி கடலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கொடி வதனியின் கைக்கு வந்ததும்தான் அவள் அழுதாள். அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். மொன்றியல் பெண்மணி சிரித்துக்கொண்டு சொன்னார்: "தூள் தனக்குத்தானே என்று கேட்கிறார். அதைத் திருப்பிக் கேட்க மாட்டீர்களே என்கிறார்."

படகு புறப்பட்டது. பின்கழுத்தில் கொடியின் பூட்டைப் போட வதனிக்கு முடியவில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"பூட்டி விடுங்கோ."

பூட்டுக்குள் தூள் புகுந்திருந்தது. ஒருவாறு பூட்டியதும் படகிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். முதல் நாள் எங்களை மண் தின்கிறவர்கள் என்ற தம்பதியும் தட்டினார்கள். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "பழசெண்டாலும் நல்ல கொடியடி. அழிச்சுக் கிழிச்சுப் போடாதை," என்றார். எனக்கு உடம்பெல்லாம் காற்றாகிவிட்ட மாதிரி இருந்தது. அன்றிரவு கப்பலின் அந்த உப்புச் சப்பில்லாத கோழியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மிச்ச நாட்களில் வேறு தீவுகளும் வந்தன. நாங்கள் கப்பலை விட்டு இறங்கவே இல்லை.

ஒக்லாந்தில் வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. விமான நிலையப் படிவத்தில், உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு வழக்கம்போல் ஆம் என்று போட்டு, அதற்கான வரிசையில் நின்றோம். தீவுக்கார அம்மா தந்த மஞ்சள் தூளை வதனி ஒரு வெறும் கோப்பிப் போத்தலில் பத்திரமாக மாற்றி வைத்திருந்தாள். அவளுடைய கவனத்தை மெச்சிக்கொண்டு, போத்தலை நானே தூக்கி மேசையில் வைத்தேன்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று அதிகாரியான இளம் பெண் கேட்டார்.

"கறித்தூள். வேறு ஒன்றும் இல்லை," என்றேன், நேர்மையான மனிதன் பேசும் குரலில்.

போத்தல் எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. அந்தப் பெண் திரையைப் பார்த்தார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இருவரும் பார்த்தார்கள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்கள். தூளுக்கு நடுவில், பாம்பு மாதிரிச் சுருண்டு, கறுப்பாக ஒன்று கிடந்தது.

நான் மெதுவாக வதனியின் பக்கம் திரும்பினேன். அவள் கூரையில் எரிந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வதனி."

"என்னப்பா? சாப்பாட்டுச் சாமானைத்தானே காட்டச் சொல்லிக் கேக்கினம். நகையைக் கேக்கேல்லையே."

"இவ்வளவும் பட்ட பிறகும் இதுக்குள்ளையோ வைச்சனீர்?"

"தூளுக்கை வைச்சது எண்டைக்கப்பா துலைஞ்சது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "நீங்கள் குடுத்துத்தானே போனது."

அதிகாரி கையுறை போட்டு, போத்தலைத் திறந்து, மஞ்சள் தூள் உதிர உதிரக் கொடியை வெளியே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூளைக் கொண்டு போகலாம் என்றார். கொடியை வதனியிடம் நீட்டப் போனவர், ஒரு கணம் யோசித்துவிட்டு, என்னிடம் தந்தார்.

"நீங்களே போட்டுவிடுங்கள். அவர் கழுத்தில் இருந்தால்தான் உங்கள் இரண்டு பேரிடமிருந்தும் இது தப்பும்," என்றார்.

நெஞ்சில் ஸ்டிக்கரும் முன்னால் கொடி பிடிப்பவரும் இல்லாத சாதாரண ஆட்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் என் மனைவிக்கு ஒரே பயணத்தில் இரண்டாம் முறை தாலி பூட்டினேன். அவள் குனிந்து தும்மினாள். நானும் தும்மினேன். இருவரும் வெளியே மழைக்குள் போனோம்.